எல்வுட் தேடிய 4417

பெர்க்ஸ் மாவட்டத்துத் தீயணைப்பு நிலையக் கூடத்தில் துப்பாக்கிச் சந்தை கூடும் சனிக்கிழமைகளில், காப்பிக் கடைக்குப் பக்கத்து மேசை எல்வுடுடையது. துப்பாக்கி விற்க மாட்டார். பழைய கைத்துப்பாக்கிகளை விட்டுப் பிரிந்துபோன தோட்டாக்கூடுகள்தான் அவர் சரக்கு. பிடிக்குள் செருகுகிற அந்தச் சின்ன இரும்புக் கூட்டை வாங்கி, முதுகு மடிப்பை விரலால் தடவி, அடிக்கட்டையைத் திருப்பிப் பார்ப்பார்.

"இது பெல்ஜியத்துக் கூடு, உன் துப்பாக்கி ஸ்பெயின். அடுத்த வீட்டுச் சாவிய வச்சு உன் வீட்டைத் திறக்கப் பாக்குறியே!"

ஊரார் இதை ஏதோ பைத்தியம் என்று நினைத்தார்கள். பைத்தியமெல்லாம் இல்லை, வயிற்றெரிச்சல். அவருடைய அப்பா போரிலிருந்து ஒரு லூகர் துப்பாக்கி கொண்டுவந்தார், எண் 4417. அதற்குக் கூடு இரண்டு. இரண்டின் மர அடியிலும் அதே எண், உபரிக் கூட்டில் மட்டும் கூடவே ஒரு கூட்டல் குறி. அப்பா ஒரு டிசம்பரில் இறந்துபோனார். இழுப்பறையைத் திறந்தால் உபரிக் கூட்டைக் காணோம். அண்ணன் லெஸ்டர் அத்தனை உறவுக்காரர் முன்னாலும் கைநீட்டி, "இவன்தான் எடுத்திருப்பான்" என்றார். எல்வுட் எடுக்கவில்லை. அன்று வெளியேறியவர், அந்த வாசலை மறுபடி மிதிக்கவில்லை. அந்தக் கூட்டைக் கண்டுபிடித்து அண்ணன் முகத்தில் எறிய வேண்டும் என்றுதான் இந்த மேசையே போட்டார். இருபத்திரண்டு வருஷம்! கைக்கு வந்த ஒவ்வொரு லூகர் கூட்டையும் திருப்பிப் பார்த்தார்.

போன சனிக்கிழமை வெர்னா என்றொரு அம்மாள் சுருட்டுப் பெட்டியோடு வந்தார்.

"இது எதோடதுன்னு பாத்துச் சொல்லுங்க. குப்பையில போடத்தான் போனேன்."

மர அடி. 4417. பக்கத்தில் கூட்டல் குறி. எல்வுட் மறுபடி ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"எங்கேம்மா கிடைச்சுது?"

"எங்க வீட்டுக்காரர் கெம்மரர் வீட்டு ஏலத்துல ஒரு வேட்டைக் கோட்டு எடுத்தார். அவருக்குப் பத்தவே இல்ல, அலமாரியிலயே தொங்குச்சு. அவர் போனப்புறம் கிழிச்சுப் பாத்தா, பாக்கெட் ஓட்டை வழியா உள்துணிக்குள்ள விழுந்து கிடக்கு."

கெம்மரர் என்பது எல்வுடின் குடும்பப் பெயர். அப்பா போனபின் அந்த ஏலத்தை நடத்தியது லெஸ்டர்தான். அப்பாவின் கோட்டைத் துழாவாமல் விற்றுவிட்டு, தம்பியைத் திருடன் என்றிருக்கிறார்! எல்வுட் அந்த அம்மாளுக்குக் காப்பிக் கடையிலிருந்து ஒரு முழு பை பலகாரமே வாங்கிக் கொடுத்துவிட்டு, மேசையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். வழியெல்லாம், "இப்ப சொல்லு, யாருடா திருடன்?" என்று உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

லெஸ்டர் கதவைத் திறந்தார். ஆள் பாதியாகியிருந்தார். அண்ணி இறந்ததை எல்வுட் பேப்பரில்தான் படித்திருந்தார். அண்ணன் சட்டைப் பித்தான்களைத் துளை மாற்றிப் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் எல்வுட், வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை விட்டுவிட்டு, கூட்டை நீட்டினார்.

"கிடைச்சிருச்சுண்ணே. சந்தைக்கு வந்த ஒரு பெட்டியில கிடந்துச்சு." கோட்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

லெஸ்டர் கூட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கோட்டுலதானே இருந்துச்சு?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"அடுத்த வருஷம் மான் வேட்டை சீசனுக்கு என் கோட்டை மாட்டுறப்பதான் உறைச்சுது. ராசின்னு அப்பா அதைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுத்தானே காட்டுக்குப் போவார்? நான்தான் பாக்காம வித்துட்டேன்."

"இருபத்தோரு வருஷமாத் தெரியுமா? பாவி! ஒரு போன் போட்டா விரல் தேஞ்சா போயிடும்?"

"இது இல்லாம உன் மூஞ்சியில எப்படிடா முழிக்கிறது? ஒஹாயோ வரைக்கும் சந்தை சந்தையாத் தேடிட்டேன். உன் மேசைக்கு மட்டும் வர வெக்கமா இருந்துச்சு."

எல்வுடுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அண்ணன் முன்னால் குனிந்து, அந்தச் சட்டையின் பித்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"ஒரு பித்தான் ஒழுங்காப் போடத் தெரியல, நீ கூடு தேடக் கிளம்பிட்டே. ஆடாம உக்காரு."

லெஸ்டர் சின்னப் பிள்ளைபோல் ஆடாமல் உட்கார்ந்திருந்தார்.