குடைக்காரர்களும் ஏணிக்காரர்களும்

எங்கள் வீட்டு மாடியில் மூன்று பையன்கள் குடியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வேலை. போன வாரம் மழை இருட்டிக்கொண்டு வந்ததே என்று காயப்போட்ட துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போனால், மூவரும் நின்று கத்திக்கொண்டிருக்கிறார்கள். ஏதோ பெண் விவகாரம் என்று ஒரு கணம் பதறிப்போனேன். விஷயம் அதில்லை. எந்த வெளிநாட்டுப் பாட்டுக் குழு தொடர்ச்சியாக அதிக நல்ல ஆல்பம் போட்டது என்று வழக்கு. ஒருவன் நாலு என்கிறான். இன்னொருவன், "மூணாவது மொக்கைடா, அதோட வரிசை போச்சு" என்கிறான்.

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா இறங்கி வந்திருக்கலாம். என் வாய் அப்படிப்பட்டதில்லை. "தம்பி, ஒவ்வொண்ணையும் முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் முள்ளைத் தூக்காம கேட்டீங்களா?" என்று கேட்டேன். மூவரும் திரும்பி, தண்ணீர் மோட்டார் பேசிவிட்டது போல என்னைப் பார்த்தார்கள். அவர்களில் கொஞ்சம் மரியாதை தெரிந்தவன் கார்த்திக். "ஆன்ட்டி, நீங்க இங்கிலீஷ் பாட்டெல்லாம் கேப்பீங்களா?" என்றான்.

கேட்பேனாவாம். இவன் அப்பா அரைநிஜார் போட்டிருந்த காலத்திலேயே நானும் பிலோவும் இதே வழக்கை வருஷக்கணக்கில் நடத்தியவர்கள்.

பிலோ என்றால் பிலோமினா. ராயபுரத்துக்காரி. திருவொற்றியூரில் மருந்து சீசாவுக்கு மூடி செய்கிற கம்பெனியில், பேக்கிங் செக்‌ஷனில், எனக்குப் பக்கத்து ஸ்டூல். எனக்குத் தண்டையார்பேட்டை. அப்பாவுக்குத் தெற்கேயிருந்து வந்து போட்ட சின்ன மளிகைக் கடை. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தால் உடனே கழுத்தை நீட்டச் சொல்வார்கள் என்று பயந்து வேலைக்குப் போனவள் நான். சேர்ந்த முதல் நாளே பிலோ என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்னாமே, மூடிய எண்றியா, ஜெபமாலை உருட்டறியா? சட்டுனு போடு, சங்கு ஊதிருவான்" என்றாள். அதிலிருந்து நாங்கள் தோஸ்து.

பிலோவின் அப்பா துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுகிறவர். கப்பலில் வருகிற வெள்ளைக்கார மாலுமிகளுக்கு அவர் மேல் ஏனோ ஒரு பிரியம். ஏனோ என்ன ஏனோ, மாம்பழம்தான். மாம்பழக் காலத்தில் ஒரு கூடை பங்கனபள்ளி கப்பலுக்குப் போகும். மாலுமிகள் கேட்டு அலுத்துப்போன இசைத்தட்டு ஒன்றிரண்டு கப்பலிலிருந்து இறங்கும். இதெல்லாம் சட்டப்படி சரியா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் கேட்டதில்லை. பழைய செய்தித்தாளில் சுற்றி அவர் கொண்டுவரும் தட்டைப் பிரித்தால் மெஷின் ஆயிலும் மாம்பழமும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். இன்றைக்கும் மார்க்கெட்டில் பங்கனபள்ளியைக் கையில் எடுத்தால் எனக்கு எங்கிருந்தோ கிடார் சத்தம் கேட்கிறது.

கேட்பதற்கு ரெக்கார்டு போடுகிற பெட்டி வேண்டுமே. அது எங்கள் சூப்பர்வைசர் டோரீனம்மாவிடம் இருந்தது. ஆங்கிலோ இந்தியர், எங்கள் பேச்சில் சட்டைக்காரம்மா. ராயபுரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் தம்பியோடு இருந்தார். பாட்டு என்றால் உயிர். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் நாங்கள் இருவரும் அங்கே போய்விடுவோம். அப்பாவிடம் தையல் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். ஒரு நாள் நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டே இங்கிலீஷில் முனகுவதைக் கேட்டு, "ஏட்டி, இது என்ன தையலு?" என்று கேட்டார். எம்ப்ராய்டரி என்று சொல்லித் தப்பித்தேன்.

டோரீனம்மா வீட்டில் ஒரு சட்டம் உண்டு. தட்டைப் போட்டாயிற்று என்றால் இரண்டு பக்கமும் முழுசாக ஓட வேண்டும். நடுவில் அறையில் இருக்கும் யாருக்காவது தாங்க முடியாமல் போனால் கையைத் தூக்கலாம். தூக்கினால் அவர் எழுந்து வந்து முள்ளை எடுத்துவிடுவார். அந்தத் தட்டு விழுந்ததாகக் கணக்கு. ஒருவரும் கை தூக்காமல் ஓடி முடிந்தால் நின்றது. ஒரு குழுவுக்குத் தொடர்ந்து எத்தனை தட்டு நிற்கிறதோ அதுதான் அதன் வரிசை. பிடிக்காத குழு என்பதற்காகக் கையைத் தூக்கக் கூடாது, கர்த்தர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டுவார். பிலோ அந்தப் படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு என் தட்டுகளைக் கேட்பாள். நானும் அப்படித்தான் அவளுடையதைக் கேட்பேன்.

என்னுடையது குடைக்காரங்க. ஒரு தட்டின் உறையில் நாலு பேர் ஒரே குடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள், அதனால் அந்தப் பெயர். அவளுடையது ஏணிக்காரங்க. உறையில் ஏணி. நிஜப் பெயர் எங்களுக்குத் தெரியாமல் இல்லை, படிக்கத் தெரியும். ஆனால் மூடி எண்ணிக்கொண்டே சண்டை போடுவதற்கு அந்தப் பெயர்கள் வசதிப்படவில்லை.

"உன் குடக்காரங்க பாடறாங்களா, தூங்கறாங்களா? கேட்டுகினு இருந்தா எனக்கே கொட்டாவி வருது."

"உன் ஏணிக்காரங்க என்ன? டின் ஷீட்டை ஏணியிலேர்ந்து தள்ளி விட்டாப்பல ஒரு சத்தம்."

"அது டிரம்முமே. சோக்கா கீது. ஒனக்குக் காது இல்ல, அத்த சொல்லு."

இதில் நாங்கள் யோசிக்கவே யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்தத் தட்டுகள் எந்த வரிசையில் வெளிவந்தன என்று எங்களுக்குத் தெரியாது. எந்தக் கப்பலில் எது வந்ததோ அதுதான் எங்களுக்கு வரிசை. போன மாம்பழத்துக்கு வந்தது முதல் தட்டு, இந்த மாம்பழத்துக்கு வந்தது அடுத்த தட்டு. பாதி நேரம் உறை கிழிந்திருக்கும், அல்லது வேறொரு தட்டின் உறைக்குள் இருக்கும். குடைக்காரர்களின் முதல் தட்டு, அதாவது எங்களுக்கு முதலில் வந்தது, உறையில் சிங்கம் போட்டது, படு மட்டம். அதற்கு நானே கை தூக்கினேன். ஆனால் அது ஆரம்பத்திலேயே விழுந்து தொலைந்ததால் எனக்கு நஷ்டமில்லை. அதற்குப் பிறகு வந்தவை ஒவ்வொன்றாக நின்றுகொண்டே போயின. "மொதல்ல தடுமாறினாங்க, அப்புறம் திருந்திட்டாங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரே மழைக்காலத்தில் எல்லாம் சேர்ந்து வந்தது. டோரீனம்மாவும் தம்பியும் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோவதாக முடிவாயிற்று. பிலோவுக்கு ராயபுரத்திலேயே ரயில்வேக்காரர் ஒருவரோடு கல்யாணம் என்று சர்ச்சில் ஓலை படித்தார்கள். எனக்கு எண்ணூரில் மாப்பிள்ளை, அனல்மின் நிலையத்தில் வேலை. டோரீனம்மா பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டு, "இது உங்க ரெண்டு பேருக்கும். ஃபைட் பண்ணாம வெச்சுக்கோ சைல்ட்" என்றார். அதுவரை வந்த தட்டுகளும் அதோடு சேர்த்தி. இரண்டு பேருக்கு ஒரு பெட்டி. கல்யாணத்துக்குப் பிறகு ஒருத்தி ராயபுரம், ஒருத்தி எண்ணூர். எந்த வீட்டுக்குப் போவது?

அது பெட்டிக்கான கவலை மட்டும் இல்லை. இருவருக்கும் தெரிந்ததை இருவரும் சொல்லவில்லை, இப்போது உங்களிடம் சொல்கிறேன். அன்றைக்குக் கல்யாணமான ஒருத்தி இன்னொருத்தியைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் காரணம் வேண்டும். பிள்ளை பிறந்தது, உடம்புக்கு முடியவில்லை, சாவு, இப்படி ஏதாவது. சும்மா பார்க்கணும் போல இருந்தது என்று புருஷன் வீட்டில் சொன்னால் விநோதமாகப் பார்ப்பார்கள். பெட்டி ஒரு வீட்டுக்குப் போய்விட்டால் சனிக்கிழமை முடிந்தது, பிலோவும் முடிந்தாள்.

டோரீனம்மா தீர்ப்புச் சொன்னார். யாருடைய வரிசை பெரிசோ அவளுக்குப் பெட்டி. அப்போது இரண்டு குழுவுக்கும் தொடர்ந்து நாலு நின்றிருந்தது. கடைசியாக வந்த கப்பலில் ஆளுக்கொன்று இறங்கியிருந்தது. கடைசிச் சனிக்கிழமை, சாமான்களெல்லாம் மூட்டை கட்டிய வீட்டில், தரையில் உட்கார்ந்து கேட்டோம். முதலில் என்னுடையது. ஒருவரும் கை தூக்கவில்லை, நின்றது. நடுவில் ஒரு பாட்டுக்குப் பிலோ இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பிறகு அவளுடையது. முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு ஆரம்பித்தது. பாதியில் பாட்டு இழுத்து, கரகரத்து, எருமை கத்துவது போல ஆகி அடங்கிவிட்டது. கரண்ட் போய்விட்டது.

"முழுசா ஓடலை. விழுந்தது" என்றேன் நான்.

"எவ கை தூக்குனா? முள்ளு தட்டு மேலதான் கீது, போய்ப் பாரு. நின்னுச்சு."

"நின்னுச்சா? சுத்தறதே நின்னுச்சு."

"இந்தா, டபாய்க்காதே. இது உன் வூட்டுக்காரன் வேலை. எண்ணூர்ல குந்திகினு கரெக்டா கரண்ட்ட நிறுத்திட்டான்."

நிச்சயதார்த்தம்கூட ஆகாத மனுஷன் மேல் அப்படி ஒரு பழி. டோரீனம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்புக்கு மட்டும் துடைத்தாரா என்று சொல்ல முடியாது. கரண்ட் வரவேயில்லை. இருட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து கரண்ட் போவது முள் தூக்குவதில் சேர்த்தியா இல்லையா என்று பேசித் தீர்த்தோம், தீரவில்லை. கடைசியில் என் வாய் நழுவி, "போகட்டும், நீயே எடுத்துக்கோ பிலோ" என்று வந்துவிட்டது.

பிலோ இருட்டில் தடவித் தட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து உறையில் போட்டாள். பிறகு, "பொட்டிய நீ எடுத்துகினு போ. தட்டெல்லாம் எனக்கு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "தட்டு இல்லாம பெட்டியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"பொட்டி இல்லாம தட்ட வெச்சுகினு நான் இன்னா பண்ணுவேன்? தோசை ஊத்தவா? அதான் சொல்றேன், எடுத்துகினு போ."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அழுதுவிட்டேன். அவள், "பேஜார் பண்ணாதமே" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள்.

கல்யாணமாகி எண்ணூர் போனதும் நான் பெட்டியைக் கூடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தேன். அது தூசு படிந்து சும்மா கிடப்பதை என் மாமியாரால் பார்க்க முடியவில்லை. ஒரு மாதம் பொறுத்தார். "ஏட்டி, வெறும் பெட்டிய வச்சிக்கிட்டு என்னதான் செய்வ? அந்தத் தட்டுக்காரி வீட்டுக்குப் போயி கேட்டுட்டாவது வாயேன்" என்று அவரே சொன்னார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ராயபுரம் போவேன். கண்டக்டர் பெட்டிக்கும் டிக்கெட் கேட்பார். அடுத்த முறை பிலோ துணிப்பையில் தட்டுகளோடு எண்ணூர் வருவாள். உள்ளே நுழையும்போதே என் வீட்டுக்காரரிடம், "இன்னா சார், இன்னிக்காவது கரண்ட் வுடுவியா?" என்பாள். சாகும்வரை அவருக்கு அந்தக் கதை முழுசாகப் புரிந்ததில்லை.

பிள்ளைகள் பிறந்தார்கள், கேசட் வந்தது, பெட்டிக்கு முள் கிடைக்காமல் போயிற்று. ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் இந்த முள் இனிமேல் வராது என்று கையை விரித்தார். பிலோவிடம் சொன்னேன். அடுத்த மாதமும் துணிப்பையில் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஓடாத பெட்டிக்கு முன்னால் அவற்றைப் பரப்பி வைத்துக்கொண்டு, மூக்கால் கிடார் வாசித்துக்கொண்டு, நாங்கள் அதே சண்டையைப் போட்டோம். இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். தட்டுகள் அவளோடு. பெட்டி என் வீட்டுப் பரணில். போனில் பேசிக்கொள்கிறோம், பண்டிகைக்குப் பண்டிகை.

இதையெல்லாம் மொட்டைமாடியில் கேட்டுவிட்டு கார்த்திக் போனைத் தடவினான். குடை, சிங்கம், ஏணி என்று நான் அடையாளம் சொல்லச் சொல்ல, எல்லாம் வரிசையாக வந்து நின்றுவிட்டன. ஆயில் வாசனை இல்லை, கரகரப்பு இல்லை. பிறகு அவன் தயங்கி, "ஆன்ட்டி, சிங்கம் முதல் ஆல்பம் இல்லை. அது மூணாவது. குடைக்கு அப்புறம் வந்தது" என்றான்.

அப்படியென்றால் என் வரிசை நடுவிலேயே முறிந்துவிடுகிறது, சிங்கத்துக்கு முன்னால் ரெண்டு, பின்னால் மூணு. பிலோவின் ஏணிக்காரர்களோ, கரண்ட் போன தட்டைத் தள்ளிவிட்டாலும், இவன் சொன்ன வரிசைப்படியே நாலும் தொடர்ந்து நிற்கிறார்கள். இத்தனை வருஷம் நான் ஜெயித்ததாகவே மனசுக்குள் வைத்திருந்தேன். மழை தூற ஆரம்பித்தது. கீழே இறங்கும்போது டோரீனம்மாவின் குவார்ட்டர்ஸ் நினைவுக்கு வந்தது, அது இப்போது இல்லை. கம்பெனியும் இல்லை, சங்கும் இல்லை. மாம்பழம் வாங்கிக்கொண்டு பாட்டுக் கொடுக்கிற மாலுமி எவனும் இல்லை. உலகத்துப் பாட்டெல்லாம் அந்தப் பையன் சட்டைப் பையில் இருக்கிறது. கேட்பதற்கு அவன் யார் வீட்டுக்கும் போக வேண்டாம்.

துணியை மடிக்காமல் அப்படியே கட்டிலில் போட்டுவிட்டுப் பிலோவுக்குப் போன் போட்டேன். பண்டிகை எதுவும் இல்லாத நாள், அவள் பயந்துபோய், "இன்னாமே, யாருக்கு இன்னா?" என்றாள். சிங்கத்து விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ பொட்டி என்னுது" என்றாள்.

"உன்னுதுதான். நாளைக்கே பார்சல்ல போடச் சொல்றேன்."

"பார்சலு கீர்சலு எல்லாம் வேணாம்" என்றாள் பிலோ. "நீ எடுத்துகினு வா."

நான் மறுபடி மாடிக்குப் போய், பரணில் ஏற உயரமான ஸ்டூல் ஏதாவது இருக்கிறதா என்று கார்த்திக்கைக் கேட்டேன்.