நெருப்பு மலையில் நான் தடுத்த கை

இதை எழுத வேண்டும் என்று ஏழு வருடமாக நினைத்து வருகிறேன். கொப்பி எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், மூடி வைத்துவிடுவேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவனுக்கு எழுத வராது என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொள்வேன். எழுதினால் என் கை செய்தது வெளியே வந்துவிடும் என்ற பயம்தான் உண்மையான காரணம்.

நானும் மனைவியும் ஜேர்மனிக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. எனக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. அவள் ஒரு பாடசாலையில் துப்புரவு வேலை செய்தாள். அவளுக்குச் சீனி வருத்தம். காலையில் இரத்தத்துச் சீனியைக் குறைக்கிற குளிசை ஒன்றைப் போட்டுச் சாப்பிட வேண்டும். எனக்கு நெஞ்சு வருத்தம். மலை ஏறியதற்கு முந்திய வருடம் இதயக் குழாயில் அடைப்பு வந்து, அதை விரித்துப் பிடிக்க ஒரு சிறு வலை வைத்தார்கள். வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தபோது முருகனுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். என்னை எழுந்து நடக்க விட்டால் அடுத்த கந்தசஷ்டி விரதத்தில் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஒரு மலை ஏறி உன் பெயரைச் சொல்லுவேன் என்று. அவளைக் கேட்காமலே அவளையும் சேர்த்து நேர்ந்தேன்.

இந்த நாட்டில் எந்த மலைக்குப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்யும் ஜேர்மன்காரர் ஒருவர், நாட்டின் மேற்கில் ஐஃபல் பக்கத்துக் குன்றுகள் எல்லாம் ஒரு காலத்தில் எரிமலைகள் என்று சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. சிவனின் நெற்றிக்கண் நெருப்பில் பிறந்தவனுக்கு நெருப்பு மலையை விடப் பொருத்தமான இடம் ஏது? வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். உங்கள் நெஞ்சு அதைத் தாங்குமோ என்று மட்டும் கேட்டாள். தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஆறு நாள் விரதத்தின் ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. முதல் நாலு நாளும் அவள் இரவில் பாலும் பழமும் மட்டும் எடுத்தாள். கடைசி இரண்டு நாளும் தண்ணீர் மட்டும் என்று நினைத்திருந்தாள். நான் நெஞ்சைச் சாட்டி மத்தியானத்தில் ஒரு நேரம் சோறு சாப்பிட்டேன். குடும்ப வைத்தியருக்கு விரதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் மறிப்பார். அவருக்கு அதை விளங்கப்படுத்துகிற அளவுக்கு எங்களிடம் டொச் மொழி இல்லை.

அன்று காலை சாமி அறையை விட்டு வெளியே வந்தவள் உள்ளங்கையில் குளிசையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இஞ்சருங்கோ, இதைப் போடவோ விடவோ?”

“குளிசை சாப்பாடில்லைத்தானே. மருந்தை விடக்கூடாது. போடும்.”

போட்டாள். சாப்பிடாமல் அந்தக் குளிசையைப் போடக்கூடாது என்பது எனக்குத் தெரியாது என்று இங்கே பொய் சொல்ல மாட்டேன். வைத்தியர் முதல் நாளே சொல்லியிருந்தார். விரத நாளில் முருகன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

ரயிலில் போய், பிறகு பஸ் எடுத்து, அடிவாரத்தில் இறங்கினோம். ஒரே புகார், பனிமூட்டம். மேலே போக இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று பிள்ளை வண்டில் தள்ளிக்கொண்டு போகக்கூடிய அகலமான பாதை, மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். மற்றது மரங்களுக்கிடையில் நேராக ஏறும். நேர்த்தி என்றால் கொஞ்சம் கஷ்டம் இருக்க வேண்டும் என்று நான் நேர்ப் பாதையைக் காட்டினேன். அரை மணித்தியாலத்தில் மண் முடிந்து கறுத்த சிறு கற்கள் தொடங்கின. எரிமலை துப்பிய கற்கள். கால் வைத்தால் சரசரவென்று கீழே வழுக்கும். இரண்டு அடி ஏறினால் ஒரு அடி இறங்குவோம். அதற்கு மேலே ஈர இலைகள் வேறு. மூச்சு வாங்க நான் பத்துத் தரம் நின்றிருப்பேன். அவள் பின்னால் வந்தாள்.

“இதுவோ உங்கட எரிமலை? அடுப்புச் சாம்பல் மாதிரிக் கிடக்கு.”

“முந்தி எரிஞ்சதாம்.”

“உங்களைப் போலைதான். முந்தி எரிஞ்சு, இப்ப ஆறிப்போய்.”

சிரித்தோம். அவள் பகிடி விட்டு நான் கேட்டது அதுதான் கடைசி.

பின்பு அவள் பேச்சுக் குறைந்தது. களைப்பு என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில், மேல்மாடிக் கதவைப் பூட்டினேனோ, நாளைக்கு யார் கூட்டுவார்கள் என்று பாடசாலை வேலையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாள். திரும்பிப் பார்த்தேன். அந்தக் குளிரில் முகமெல்லாம் வேர்வை. கை இரண்டும் நடுங்கின. கண் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தது. ஈரக் கல்லில் அப்படியே குந்திவிட்டாள்.

சீனி குறைந்தால் வேர்க்கும், நடுங்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் விரதத்தின் ஐந்தாம் நாள், முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டு மலை ஏறுகிற பெண் வேர்த்து நடுங்கினால், எங்களைப் போன்றவர்களுக்கு முதலில் மனதில் வருவது வேறொன்று. அருள் வருகிறது என்று நினைத்தேன். அவளுக்கு முன்னால் முழங்காலில் நின்று, நெற்றியில் திருநீறு பூசி, கை கூப்பி உரத்து முருகா முருகா என்றேன். என் நேர்த்தியை அவன் ஏற்றுக்கொண்டான் என்று எனக்கு அழுகை வந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது.

என் சத்தம் கேட்டு மேலே இருந்து ஒரு ஜேர்மன் பெண் இறங்கி வந்தார். எழுபது வயதிருக்கும். ஒரு நாய், இரண்டு ஊன்றுதடிகள். மனைவியின் கையைத் தொட்டுப் பார்த்தவர், சீனி வருத்தமோ என்று என்னிடம் கேட்டார். ஓம் என்றேன். உடனே பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கிழித்தார். கரடி வடிவத்தில் இருக்கும் இனிப்பு. கடைகளில் காசு கட்டுகிற இடத்தில் தொங்குமே, அது. ஒன்றை எடுத்து மனைவியின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

அதில் போடும் ஜெலட்டின் பன்றியில் இருந்து எடுப்பது. இங்கே உள்ள சைவக் குடும்பங்களில் பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும். நான் என் உள்ளங்கையால் மனைவியின் வாயைப் பொத்தினேன். மற்றக் கையால் அந்த அம்மாவின் கையைத் தடுத்தேன். விரதம், நாங்கள் மச்ச மாமிசம் தொடாத ஆட்கள், இதில் பன்றி கலந்திருக்கிறது என்றெல்லாம் சொல்ல நினைத்தேன். அவ்வளவும் சொல்ல டொச் வரவில்லை. வாயில் வந்தது இரண்டு சொல்தான்.

“நைன். ஷ்வைன்.”

இல்லை, பன்றி. முகத்துக்கு நேரே அதைச் சொன்னால் இந்த நாட்டில் அது தூஷணம். அந்த அம்மாவின் முகம் செத்துப்போனது. இரண்டு அடி பின்னால் போய்ப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்தார். நாய் குரைத்தது. நான் பேசியது தன்னை என்று அவர் நினைத்தார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் போய்விட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

அவர் போகவில்லை. தள்ளி நின்று அவசர இலக்கத்துக்கு போன் எடுத்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மனைவிக்கு வலிப்பு வந்தது. பின்தலை கல்லில் அடித்தது. அதற்குப் பிறகு வாயில் எதையும் கொடுக்க ஏலாது.

தூக்கிக்கொண்டு போகிற ஆட்கள் அந்த வழுக்கல் பாதையில் ஏறி வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அதுவரை அந்த அம்மா தன் மேலங்கியைக் கழற்றி மனைவிக்குப் போர்த்தி, குளிரில் நின்றார். வந்த வைத்தியர் மனைவியின் கையில் ஊசி ஏற்றிக்கொண்டே என்ன நடந்தது என்று கேட்டார். அந்த அம்மா எல்லாவற்றையும் சொன்னார், இனிப்பையும் சொன்னார். வைத்தியர் ஏன் என்று என்னைக் கேட்டார்.

பன்னிரண்டாம் நாள் மனைவி கண் திறந்தாள். பேச்சு வர மாதங்கள் ஆயின. இப்போதும் ஒரு சொல்லுக்கு அவள் நெடுநேரம் தேட வேண்டும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்து போவாள். வேலைக்குப் போக முடியவில்லை. அந்த மலையைப் பற்றி அவளுக்கு ஒரு நினைவும் இல்லை. சீனி குறைந்திருந்த நேரத்தாலோ தலையில் பட்ட அடியாலோ என்று வைத்தியர்களாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கோயிலில் கேட்டவர்களுக்கு, முருகன் காப்பாற்றினான் என்று மட்டும் சொன்னேன். அது போதுமாக இருந்தது. ஒரு மாதத்துக்குள், முருகன் கிழவி வடிவத்தில் வந்து தீர்த்தம் கொடுத்து அவளை எழுப்பினான் என்று கதை திரும்பி எங்கள் வீட்டுக்கே வந்தது. நான் மறுக்கவில்லை. மனைவி அதைக் கேட்டுக் கண்ணீர் விடுவாள். வருகிறவர்களிடம் திரும்பச் சொல்லக் கேட்பாள். நான் பக்கத்தில் இருந்து தலையாட்டுவேன். ஏழு வருடம் தலையாட்டினேன்.

போன கிழமை ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் சீனி வருத்தம், அதற்குத் தினமும் இன்சுலின் ஊசி போடுகிறவர். மனைவியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

“வாற சஷ்டிக்கு நானும் தண்ணியோடை இருந்து மலை ஏறப்போறன் அக்கா. உங்களைக் காப்பாத்தினவர் என்னை விடுவாரோ?”

அவர்கள் இருவருக்கும் முன்னால் நடந்ததைச் சொன்னேன். குளிசை, அருள் என்று நான் நினைத்தது, இனிப்பு, என் கை, அந்த இரண்டு சொல். வந்த பெண் எழுந்து போனார். மனைவி என் பக்கம் திரும்பினாள். சொற்களைத் தேடித் தேடிக் கேட்டாள்.

“அவ… இனிப்பு தரேக்கை… நான் வாய்… திறந்தனானோ?”

“ஓம்” என்றேன். திறந்திருந்தாள். திறந்த வாயைத்தான் நான் பொத்தினேன்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் விரதத்தை விடவில்லை, முருகனையும் விடவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. அந்த ஜேர்மன் அம்மாவிடம் கேட்க அவர் பெயரும் தெரியாது.

வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சீனி வருத்தத்தோடு விரதம் இருக்கிறவர்கள் எங்கள் கோயில்களில் நிறையப் பேர். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது அந்த அம்மாவை முருகனாக்க வேண்டாம். அவர் நாயோடு நடக்க வந்த ஒரு மனுசி. இனிப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தீர்த்தத்தை வைக்க வேண்டாம். என் மேல் இரக்கப்பட்டு என் கையையும் எடுத்துவிடாதீர்கள். அது அவள் வாயின் மேல் இருந்தது. இருந்தபடியே சொல்லுங்கள்.