டெய்லர் அளந்த மலை

கடைத்தெருவில் அவரை எல்லாரும் மேப்பு டெய்லர் என்றுதான் சொல்வார்கள். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களுக்கு உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது தையல் மெஷின் அல்ல. வெட்டு மேசைக்கு மேலே, சுவர் கொள்ளாமல் ஒட்டியிருக்கும் மலை வரைபடம்தான்.

"என்ன டெய்லர், இன்னைக்கு சட்டைக்கு அளவா, மலைக்கு அளவா?" என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது.

"ரெண்டும் ஒண்ணுதாங்க. ஆனா மலை நேர்மையானது. டேப்பைப் பார்த்ததும் மூச்சைப் பிடிச்சு தொப்பையை உள்ள இழுக்காது" என்பார் அவர். கேட்டவர் அப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருப்பார்.

இளம் வயதில் மலையடிவாரத்து வன அலுவலகத்துக்குச் சீருடை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, திரும்பும் பஸ்ஸைத் தவறவிட்டார். அடுத்த பஸ் வரும்வரை சும்மா நிற்பானேன் என்று ஒரு ஒற்றையடிப் பாதையில் கொஞ்ச தூரம் ஏறினார். ஏறினவர்தான், மனசளவில் இன்னும் இறங்கவில்லை. வருஷா வருஷம் பள்ளிச் சீருடை வேலை முடிந்து கடை காற்று வாங்கும் நாட்களில், தானே தைத்த கூடாரத்தை முதுகில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆள் நடமாட்டம் இல்லாத மேட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, முகமெல்லாம் வெயில் காய்ந்து, பல்லெல்லாம் தெரியத் திரும்பி வருவார்.

போவது ஒரு சந்தோஷம் என்றால், போவதற்குத் திட்டம் போடுவது அவருக்கு ஒன்பது சந்தோஷம். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெட்டு மேசையில், கையோடு கொண்டுபோகும் இன்னொரு வரைபடத்தை விரிப்பார். வரைபடத்தில் வளைந்து வளைந்து ஓடும் உயரக் கோடுகள் ஒட்டி ஒட்டி இருந்தால் அங்கே செங்குத்து, தள்ளித் தள்ளி இருந்தால் அங்கே காலாற நடக்கலாம். கவுனில் மடிப்பு நெருங்கி விழுவதையும் அகன்று விழுவதையும் பார்த்த கண்ணுக்கு இது ஒரு பெரிய காரியமா? தண்ணீர் எங்கே, கூடாரம் போடச் சமதரை எங்கே, மழை பிடித்துக்கொண்டால் எந்தப் பக்கமாக இறங்கித் தப்பிக்கலாம் என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். பிறகு ஒரு நூலை எடுத்துப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் குண்டூசி குத்தி, அதன் வழியே நூலை ஓட்டி, ஓடைக்கு ஒரு முடிச்சு, கணவாய்க்கு ஒரு முடிச்சு, தங்கும் இடத்துக்கு ஒரு முடிச்சு போடுவார். நூலை எடுத்து வரைபடத்தின் ஓரத்தில் உள்ள அளவுகோலில் வைத்தால் தூரம் வந்துவிடும். கடைசியில் கண்ணை மூடி, "ஆண்டவனே, உன் வாசலுக்கு வரேன், வழியில துணையா இரு" என்று சொல்லிவிட்டுத்தான் வரைபடத்தை மடிப்பார்.

அந்த மேசையின் மறுமுனையில் உட்கார்ந்து கொக்கியும் பொத்தானும் தைப்பது அவர் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர். எத்தனையோ தடவை கூப்பிட்டும் ஒரு தடவைகூட மலைக்கு வந்ததில்லை.

"நீங்க போய்ட்டு வந்து சொல்றீங்களே, அதுவே எனக்குப் பார்த்த மாதிரி இருக்கு" என்பார் அந்த அம்மா.

அதுதான் டெய்லருக்குக் குறை. அங்கே மேலே ஒரு அழகைப் பார்க்கும்போதெல்லாம் "இதைப் பாரேன்" என்று பக்கத்தில் திரும்புவார். பக்கத்தில் பை மட்டும்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து வாய் வலிக்கச் சொன்னாலும், பார்த்ததில் பாதி வழியிலேயே சிந்திப் போயிருக்கும்.

இந்த வருஷம் என்ன தோன்றியதோ, பல்லில் நூலைக் கடித்து அறுத்துக்கொண்டே அந்த அம்மா சொன்னார்: "சரி, ஒரே ஒரு தடவை வரேன். பிடிக்கலேன்னா, அப்புறம் ஜென்மத்துக்கும் என்னைக் கூப்பிடக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்று சொல்லிவிட்டார் டெய்லர். சொன்ன பிறகுதான் உறைத்தது. இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு.

அவருக்குத் தெரிந்த இடங்களிலேயே அழகானது கணவாய்க்கு அந்தப் பக்கம் உள்ள குளம். அங்கேயே கூட்டிப் போவது என்று முடிவு செய்தார். போன தடவை போன முரட்டுப் பாதை வேண்டாம், இந்தத் தடவை முகட்டோடு போகும் சாய்வான பாதை. அன்றைக்குப் பார்த்து கரண்ட் இல்லை. டார்ச்சைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, மேசை டிராயரில் கைக்கு அகப்பட்ட நூல்கண்டை எடுத்து அளந்தார். அளந்தால் தூரம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. "பார்த்தியாம்மா, ஆண்டவனே உனக்காகப் பாதையைச் சுருக்கி வெச்சிருக்கான்!" என்று குதித்தார்.

வன அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்கியாயிற்று. காலையில் வேன் ஓட்டும் மச்சினன் இருவரையும் அடிவாரத்தில் கொண்டுவந்து இறக்கினான்.

"மாமா, எங்க அக்காவைப் பத்திரமா திருப்பிக் கொண்டாந்துடுங்க. தொலைஞ்சா எங்க அம்மா என்னைத்தான் கேட்பாங்க."

"அதெல்லாம் சாயங்காலம் தேத்தண்ணி நேரத்துக்குக் குளத்துக்குப் போயிடுவோம் மாப்ளே. நாளைக்கு மத்தியானம் அந்தப் பக்கத்து ரோட்டுல வந்து நில்லு."

"ஏன்டா தம்பி, நான் வரலேன்னு சொல்லிடட்டுமா? வேன் இன்னும் போகலையே" என்றார் அக்கா.

"மலை ஏறுக்கா, ஏறு. மாமா மூஞ்சியைப் பாரு, பரீட்சைக்குப் போற பிள்ளை மாதிரி இருக்கு."

முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. காட்டுக்குள் நிழல், காலடியில் மெத்தென்று சருகு. ஓடையில் காலை நனைத்தபோது அந்த அம்மா "ஐயோ, சில்லுனு இருக்கு!" என்று சின்னப் பெண் மாதிரி கத்தினார். இருக்கிற பாட்டில்களில் எல்லாம் தண்ணீர் பிடித்துக்கொண்டார்கள். டெய்லருக்கு மனசுக்குள் மேளம் கொட்டியது.

மரங்கள் முடிந்து முகடு வந்தது. முகடு முடிந்ததும் கணவாய் வரவேண்டும். ஆனால் முகடு முடிகிற வழியாக இல்லை. ஒரு மேடு ஏறினால் அதற்குப் பின்னால் இன்னொரு மேடு எட்டிப் பார்த்தது.

"இதோ, இந்த மேடுதாம்மா."

"இதையேதான் போன மேட்டுக்கும் சொன்னீங்க."

"அது வேற மேடு."

"எனக்கு எல்லா மேடும் ஒண்ணாத்தான் தெரியுது. என் முட்டிக்கும் அப்படித்தான் தெரியுதாம்."

தேத்தண்ணி நேரம் வந்து, அதுபாட்டுக்குப் போயும் விட்டது. வெயில் மஞ்சளாகச் சாய்ந்தது. கணவாய் தூரத்தில், எட்டாத அலமாரித் தட்டு மாதிரி உட்கார்ந்திருந்தது. டெய்லர் நடையை நிறுத்தினார். ஒரு பாறை மேல் வரைபடத்தை விரித்து, சட்டைப் பையிலிருந்து முடிச்சுப் போட்ட நூலை எடுத்தார்.

"இந்த முனையைப் பிடிம்மா, எங்க தப்பு நடந்துச்சுன்னு பார்ப்போம்."

அந்த அம்மா பிடித்தார். அவர் அந்தப் பக்கம் இழுத்தார். இழுத்தார், நூல் வந்தது. இன்னும் இழுத்தார், இன்னும் வந்தது. கைநழுவி விட்டதும் படக்கென்று சுருங்கி அவர் விரலிலேயே அடித்தது.

இரண்டு பேரும் நூலைப் பார்த்தார்கள்.

"என்னங்க," என்றார் அந்த அம்மா மெதுவாக, "இது கவுனுக்குச் சுருக்கம் வைக்க நான் வாங்கி வெச்ச எலாஸ்டிக் நூல்."

டெய்லருக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. தையல்காரன் கை எந்த நூலைப் பிடித்தாலும் விறைப்பாகத்தான் பிடிக்கும். குண்டூசிகளுக்கு நடுவே நன்றாக இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டிருக்கிறார். எடுத்து அளவுகோலில் வைக்கும்போது அது சுருங்கிக்கொண்டது. நூல்தான் சுருங்கியது, மலை சுருங்கவில்லை.

இப்போது இரண்டே வழி. வேகமாக நடந்தால் இருட்டும் நேரத்தில் கணவாயைத் தாண்டி, சரளைக் கற்கள் சரிகிற இறக்கத்தில் டார்ச் வெளிச்சத்தில் இறங்கிக் குளத்தைப் பிடிக்கலாம். இல்லையென்றால் இந்த முகட்டிலேயே தங்கவேண்டும். குளம் இல்லை, குளத்தில் தெரியும் நட்சத்திரம் இல்லை, காலை நீட்டச் சமதரைகூட இல்லை. எந்த அழகைக் காட்டி இவளை ஜெயிக்கலாம் என்று நினைத்தாரோ அது மலைக்கு அந்தப் பக்கம். தனியாக வந்திருந்தால் ஒருவேளை இறங்கிப் பார்த்திருப்பார். மனைவியின் முட்டியைப் பார்த்தார். கணவாயைப் பார்த்தார். ஆண்டவனிடம் கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் பதில் தெரிந்தது.

"இங்கேயே தங்கிடலாம்மா" என்றார். "தப்பு என்னோடதுதான். குளம் காட்டறேன்னு கூட்டிட்டு வந்து இந்தக் கல்லுல உட்கார வெச்சுட்டேன். நீ இனிமே வரவேண்டாம், நான் கேட்கமாட்டேன்."

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று டெய்லர் பதறிக் குனிந்து பார்த்தார். அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். வாயைப் பொத்தியும் அடங்காமல், கண்ணில் தண்ணீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஊருக்கே சட்டை தைக்கிறவர்! எலாஸ்டிக்குக்கும் நூலுக்கும் வித்தியாசம் தெரியாம! கடவுளே, இதை நான் யார்கிட்ட சொல்லிச் சிரிப்பேன்!"

"உன் தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாதே."

"முதல்ல அவன்கிட்டதான்."

சிரிப்பு அவரையும் தொற்றிக்கொண்டது. சிரித்துக்கொண்டே இடம் தேடினார்கள். புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, காற்றுக்கு மறைவாக ஒரு பெரிய பாறையின் பின்னால் கூடாரத்தை அடித்தார்கள். தரை கொஞ்சம் சரிவு. தண்ணீரைச் சிக்கனமாக வைத்து ஒரு குவளைத் தேநீர் மட்டும் போட்டு, ஆளுக்கு ஒரு மடக்காகக் குடித்தார்கள். ரொட்டியைக் கிழித்துத் தின்றார்கள். படுத்தால் இரண்டு பேரும் மெல்ல மெல்ல வழுக்கிக் கூடாரத்தின் ஒரே மூலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

"இது நல்லாயிருக்கே," என்றார் அந்த அம்மா, "சண்டை போட்டாலும் தள்ளிப் படுக்க முடியாது."

விடியும்போது டெய்லர் கண் விழித்தார். பக்கத்தில் ஆள் இல்லை. திடுக்கிட்டு, முழங்காலால் தவழ்ந்து வெளியே வந்தார்.

அந்த அம்மா போர்வையை உடம்பில் சுற்றிக்கொண்டு முகட்டு விளிம்புப் பாறையில் உட்கார்ந்திருந்தார். கீழே பள்ளத்தாக்கு இல்லை, காடு இல்லை, ரோடு இல்லை. பஞ்சு அடித்துப் பரப்பின மாதிரி மேகம்தான் கண்ணுக்கு எட்டியவரை. அதில் அங்கங்கே மலை உச்சிகள் தீவு தீவாக மிதந்தன. வெயில் ஒவ்வொரு உச்சியாகத் தொட்டுத் தொட்டு விளக்கு மாதிரி ஏற்றிவைத்துக்கொண்டு வந்தது. குளத்தோரம் இறங்கியிருந்தால் அந்த மேகத்துக்கு அடியில் கிடந்திருப்பார்கள். இத்தனை வருஷத்தில் டெய்லரே பார்க்காத காட்சி அது. "இதைப் பாரேன்" என்று பழக்கத்தில் வாய் திறந்தார். சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

அந்த அம்மாவின் கைகள் தாமாகக் குவிந்திருந்தன. டெய்லரும் பக்கத்தில் போய் உட்கார்ந்து கை குவித்தார். இரண்டு பேரும் எதுவும் கேட்டு வேண்டவில்லை. வெறும் நன்றிதான்.

வெகுநேரம் கழித்து அந்த அம்மா விரலை நீட்டினார். "அதோ, ஒட்டகம் முதுகு மாதிரி ரெண்டு மேடு தெரியுதே, அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"தெரியலையேம்மா. நம்ம மேப்பு அந்த மேட்டோட முடிஞ்சு போச்சு. அதுக்கு அப்புறம் அடுத்த தாள்."

"அந்தத் தாளை எங்க விக்கிறாங்க?"

டெய்லர் சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தார். "டவுனுல, ஸ்டேஷன் பக்கத்துக் கடையில."

"அப்போ வெள்ளிக்கிழமை கடையைச் சீக்கிரம் அடைச்சுட்டுப் போயிட்டு வந்துடலாம்" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா முட்டியைத் தேய்த்துக்கொண்டே எழுந்தார். "எழுந்திரிங்க, குளத்தையும் ஒரு எட்டு பார்த்துட்டுப் போவோம். தம்பி வேனோட காத்துக் கிடப்பான்."