நூற்று நாற்பத்து மூன்றாம் கடிதம்

சின்னவர் இரும்புப் பீரோ செய்யும் நிறுவனம் ஒன்றின் விளம்பரப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தார். இருபத்து நான்காம் வயதில் சேர்ந்து ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்றார். அக்காலத்தில் அவர் எழுதி அச்சேறிய வாசகங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. அவற்றுள் இருநூற்றுப் பதினொன்றை இன்று எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. எஞ்சிய ஒன்றை அவர் நாற்பத்தொன்பதாம் வயதில் எழுதினார். அது நகரின் ஒன்பது இடங்களில் பெரும்பலகைகளில் பதினொரு நாள் நின்றது; பன்னிரண்டாம் நாள் காலையில் இறக்கப்பட்டது.

அந்த வாசகம் இது: “கல்யாணம் ஆகாத அக்கா மாதிரி. ஆயுசுக்கும் வீட்டை விட்டு நகராது.”

சின்னவருக்கு ஓர் அக்கா உண்டு. ஒன்பது வயது மூத்தவர். தம்பியைச் “சின்னவனே” என்று முதலில் அழைத்தவர் அவர்தான். பிறகு ஊரே அப்படி அழைத்தது. மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு வேலை. திருமணம் செய்துகொள்ளவில்லை என்பதைவிடச் செய்துவைக்கப்படவில்லை என்பதே சரி. தந்தையின் கடை மூடியபின் அக்காவின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. சின்னவரின் படிப்பும் அதில் அடக்கம். வந்த வரன்களையெல்லாம் “அடுத்த வருஷம் பாக்கலாம்” என்று பெற்றோர் தள்ளிவைத்தனர். அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை.

அவ்வீட்டுக்கு இரும்புப் பீரோ வந்த நாளில் அக்காவுக்கு முப்பத்தொன்று, சின்னவருக்கு இருபத்திரண்டு. அன்று மழை பெய்ததாகச் சின்னவர் சொல்கிறார். இல்லை என்கிறார் அக்கா. அக்கா சொல்வதையே கொள்ள வேண்டும். நாள், நேரம், வெயில், மழை எதிலும் அவர் தவறியதில்லை. நால்வர் சுமந்து வந்து, திணறித் தள்ளி, அதைக் கூடத்தின் மூலையில் நிறுத்திவிட்டுக் கைகழுவ வாசலுக்குப் போனார்கள். அக்கா கூடத்தில் இருந்தோருக்குத் தேநீர் கொண்டுவந்தார். சித்தப்பா பீரோவை ஒருமுறை தட்டிப் பார்த்தார். அக்காவை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.

“இதுவும் நம்ம பொண்ணும் ஒண்ணுதான். உள்ள வந்தாச்சு. இனிமே ஆயுசுக்கும் வீட்டை விட்டு நகராது.”

அப்பா சிரித்தார். அம்மா “போங்க தம்பி” என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். சின்னவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். பிற்காலத்தில் சின்னவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட சமாதானம் முழுவதும் இக்கடைசி ஒன்றின்மேல்தான் நின்றது: அவளும்தானே சிரித்தாள்.

இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, நிறுவனத்தின் நீள மேசையைச் சுற்றி ஏழு பேர் மூன்று வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். “உறுதி, உழைப்புன்னு எழுதி எழுதி எனக்கே தூக்கம் வருதுய்யா. கேட்ட உடனே நெஞ்சுல ஒட்டணும்” என்றார் மேலாளர். சின்னவர் வாயில் அது தானாக வந்தது. மேசை முழுவதும் சிரித்தது. அவருக்கு மிகப் பழக்கமான சிரிப்பு அது. அதன் இனிப்பில் அவரும் கூடச் சிரித்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒன்பது நாள் அவகாசம் இருந்தது. சொல்லவில்லை.

ஒன்பது பலகைகளில் ஒன்று அக்கா வேலை பார்த்த மருத்துவமனைக்கு நேர் எதிரே நின்றது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் சின்னவர் அக்கா தனியே இருந்த அந்தப் பழைய வீட்டுக்குச் சாப்பிடப் போனார். அக்கா பரிமாறிக்கொண்டே கேட்டார்.

“உங்க கம்பெனி போர்டு பாத்தேன். நீயாடா எழுதின?”

“இல்லக்கா. அதெல்லாம் வெளியில கொடுத்து எழுதி வாங்கறது.”

“அப்படியா” என்றார் அக்கா. “கொழம்பு ஊத்தவா?”

அக்கா எடுத்துவைத்த சோற்றில் கைவைத்துக்கொண்டே அவர் சொன்ன முதல் பொய் அது.

ஆறாம் நாள் செவிலியர் சிலர் பலகையைப் படமெடுத்துப் பரப்பினார்கள். ஏழாம் நாள் அது எல்லார் கைபேசியிலும் இருந்தது. எட்டாம் நாள் காலை, நிறுவனத்தின் பெரிய விற்பனைக்கூட வாசலில் முப்பது பெண்கள் வரிசையாக வந்து படிக்கட்டில் அமர்ந்தார்கள். ஆசிரியைகள், தையற்காரிகள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள். காவலாளி கெஞ்சினார்.

“அம்மா, கொஞ்சம் நகருங்கம்மா. கஸ்டமர் வரணும்.”

“நகர மாட்டோம்னு உங்க முதலாளிதானப்பா போர்டு போட்டிருக்கார்? பொய்யா போயிடக் கூடாதுல்ல” என்றார் ஒரு தையற்காரி. “உக்காந்துட்டோம். ஆயுசுக்கும் இங்கதான். மதியம் சாப்பாடு மட்டும் கொஞ்சம் சூடா குடுங்க.”

நான்கு நாள் அமர்ந்திருந்தார்கள். ஐந்தாம் நாள் பலகைகள் இறங்கின. மேலாளர் சின்னவரைத் தம் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

“முதலாளி உங்க பேரை வெளிய விடல. அந்த மட்டுக்கும் நிம்மதியா இருங்க. ஆனா எழுதின கைதான் தொடைக்கணும். மன்னிப்பு நோட்டீஸ் நாளைக்கே வேணும்.”

சின்னவர் அதையும் எழுதினார். “எங்கள் வீடுகளிலும் அக்காக்கள் இருக்கிறார்கள், அவர்கள் முன் தலைகுனிந்து நிற்கிறோம்” என்ற வரியைப் படித்த மேலாளரின் கண் கலங்கியதாம். ஊரில் பலரும் அவ்வரியைப் பாராட்டினார்கள். வாசகத்துக்குக் கிடைக்காத பெயர் மன்னிப்புக்குக் கிடைத்தது. எந்த அக்காவின் முன் எந்தத் தலை குனிந்தது என்று கேட்பார் இல்லை. அறிவிப்பின் அடியில் ஒரு குறிப்பும் இருந்தது: மனம் வருந்தியோர் எழுதலாம், ஒவ்வொரு கடிதத்துக்கும் பதினான்கு நாட்களுக்குள் பதில் வரும்.

முந்நூற்று எண்பத்தாறு கடிதங்கள் வந்தன. பதில் எழுதும் பொறுப்பும் சின்னவர் தலையிலேயே விழுந்தது. மேலாளர் மூன்று மாதிரிகள் ஆயத்தம் செய்து தந்தார். கோபமாக எழுதியவர்களுக்குச் சிவப்பு உறை, வருத்தமாக எழுதியவர்களுக்கு மஞ்சள், அறிவுரை சொன்னவர்களுக்கு வெள்ளை. “டாக்டர் மாத்திரை குடுக்கற மாதிரிதான். நாக்கைப் பாத்து நிறத்தைக் குடுத்துட்டுப் போயிட்டே இருங்க” என்றார். சின்னவர் ஒவ்வொன்றையும் படித்து, எண்ணிட்டு, நிறம் பிரித்தார்.

நூற்று நாற்பத்து மூன்றாம் கடிதத்தின் உறையைப் பார்த்தபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்காலம் முழுதும் அவருடைய நோட்டுகளுக்கு அட்டை போட்டுப் பெயர் எழுதித் தந்த கையெழுத்து அது. உள்ளே ஒரே பக்கம். பரிசோதனை முடிவு எழுதும் மாதிரி, ஓரம் விட்டு, வரி வளையாமல் எழுதியிருந்தது.

“ஐயா, தங்கள் வாசகத்தை நான் முதன்முறை கேட்டது தங்கள் பலகையில் இல்லை. இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன், ஒரு வியாழக்கிழமை மாலை நாலரை மணிக்கு, என் வீட்டுக் கூடத்தில் கேட்டேன். சொன்னவர் என் சித்தப்பா. கேட்டவர்கள் என் அப்பா, என் அம்மா, என் தம்பி, நான். பீரோவைச் சுமந்து வந்த நால்வரும் வாசலில் கைகழுவிக்கொண்டிருந்தனர். அவர்கள் கேட்டிருக்க வாய்ப்பில்லை. சித்தப்பா, அப்பா, அம்மா மூவரும் இன்று இல்லை. நான் எவரிடமும் சொன்னதில்லை. இச்சொற்கள் யார் மூலம் தங்களை வந்தடைந்தன என்பதை மட்டும் அறிய விரும்புகிறேன். மன்னிப்பு தேவையில்லை.”

கீழே பெயர், முகவரி, நாள்.

ஐவரில் மூவரைக் கழித்து, தம்மையும் கழித்து, மிச்சத்தை எழுதாமல் விட்டிருந்தார் அக்கா. விடையை அவர் கேட்கவில்லை. விடை சொல்ல ஓர் இடம் விட்டிருந்தார். கடிதம் எந்த மேசைக்கு வந்து சேரும் என்பது அவருக்குத் தெரியாதிருக்க வழியில்லை. இதெல்லாம் சின்னவருக்கு அக்கணமே விளங்கியது. விளங்கவில்லை என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. அந்த ஒரு நேர்மையாவது அவரிடம் இருந்தது.

கடிதத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். இடையில் இரண்டு ஞாயிறுகள் வந்தன. இரண்டிலும் அக்கா வீட்டில் சாப்பிட்டார். முதல் ஞாயிறு, சொல்லிவிடுவது என்று படியேறினார். அக்கா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார், கையில் கத்தி இருக்கும்போது எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டார். இரண்டாம் ஞாயிறு கத்தி இல்லை; காரணமும் இல்லை. பதினான்காம் நாள் மேலாளர் கணக்கு கேட்டார்.

“எத்தனை பாக்கி?”

“ஒண்ணு சார்.”

“என்ன எழுதியிருக்காங்க?”

“ஒரு அம்மா… பழைய கதை ஒண்ணு எழுதியிருக்காங்க.”

“பழைய கதைன்னா மஞ்சள்தான். போட்டு முடிங்க.”

சின்னவர் மஞ்சள் உறையை எடுத்தார். “தங்கள் உணர்வுகளை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம்” என்று தொடங்கும் தாளில் அக்காவின் பெயரை நிரப்பினார். அஞ்சல்தலையை நாக்கால் நனைத்து அவரே ஒட்டினார். அஞ்சற்பெட்டியில் போட்ட பிறகும் அந்தப் பசை உள்ளே எங்கோ ஒட்டியிருப்பதாக வாய்க்குள் இரண்டு விரலை விட்டுத் துழாவிப் பார்த்தாராம்; விரலால் எட்டினால்தானே.

அடுத்த ஞாயிறு மஞ்சள் உறை சாப்பாட்டு மேசைமேல், உப்புக் கிண்ணத்தின் பக்கத்தில் இருந்தது.

“உங்க கம்பெனியில இருந்து பதில் வந்திருக்குடா. நல்ல கனமான தாளு” என்றார் அக்கா. “யாருடா உக்காந்து எழுதறாங்க இதெல்லாம்?”

“அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்கக்கா.”

“பாவம்” என்றார் அக்கா. யாரைச் சொன்னார் என்று சின்னவர் கேட்கவில்லை. அக்கா உறையை எடுத்துப்போய்ப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அதன்பின் அப்பேச்சை எடுக்கவில்லை. குரலில் மாற்றமில்லை, பரிமாறுவதில் குறைவில்லை. ஒரு சுடுசொல் விழுந்திருந்தால் சின்னவர் பிழைத்திருப்பார்.

சொல்லாததற்கு ஈடாக அவர் மற்ற எல்லாவற்றையும் செய்தார். அக்கா வீட்டுக் குழாய், மின்விசிறி, கூரை, மின்கட்டணம் எதற்கும் அக்கா வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. அக்காவின் முழங்கால் சிகிச்சைக்கு இருபத்தேழு முறை கூடவே போய் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவிக்கு அது பிடிபடவில்லை.

“உங்க அக்கா வீட்டுக் குழாய் ஒழுகறதுக்கு முன்னாலயே வாளியோட போய் நிக்கறீங்க. நம்ம வீட்டுக் குழாய் ஆறு மாசமா அழுவுது. அப்படி என்னதான் தப்பு பண்ணீங்க அவங்களுக்கு?”

மனைவி அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். சின்னவர் எழுந்து போய் வீட்டுக் குழாயைச் சரிசெய்தார்.

அறுபத்தொன்பது முடிந்தபின் ஒருநாள் அக்கா அறிவித்தார்: வீட்டை விற்றாயிற்று, பரிசோதனைக் கூடத்துத் தோழியோடு கடற்கரை ஊர் ஒன்றில் இரண்டு அறைக் குடியிருப்புக்குப் போகிறார். எவரையும் கேட்கவில்லை, கையெழுத்திட்ட பிறகுதான் சொன்னார். சாமான் ஏற்றும் நாளில் சின்னவர் காலையிலேயே போய் நின்றார். கட்டில், மேசை, பாத்திரமெல்லாம் ஏறின. பீரோவின் முன் ஆட்கள் அளவுநாடாவோடு நின்றுவிட்டார்கள்.

“அம்மா, இது வாசல் வழியா வெளிய வராது. உள்ள எப்படிம்மா வந்துச்சு?”

“வந்தப்போ இந்தச் சுவர் கிடையாதுப்பா. அப்புறமா கட்டினது” என்றார் அக்கா. “விடு, வீடு வாங்கினவங்களுக்கு இருக்கட்டும்.” பிறகு தம்பியின் பக்கம் திரும்பி, “சித்தப்பா பாதிதான்டா சரியா சொல்லியிருக்கார்” என்றார்.

பதினொரு ஆண்டில் அக்கா அதைத் தொட்டது அது ஒருமுறைதான்.

பிறகு பீரோவைக் காலி செய்தார். அடித்தட்டிலிருந்து ஒரு தாள்கட்டு வந்தது. அக்கா எழுதிய கடிதத்தின் நகல். அதன்மேல் மஞ்சள் உறை. இரண்டையும் சேர்த்து ஒரு குண்டூசி. தம்பியிடம் நீட்டினார்.

“இது உங்க ஆபீஸ் காகிதம். எனக்கு அங்க இடம் இல்ல.”

சின்னவர் வாங்கவில்லை.

“அக்கா, அந்த வாசகம்…”

“எந்த வாசகம்?”

“போர்டுல வந்துச்சே.”

“அதுல என்ன எழுதியிருந்துச்சு?”

ஆட்கள் இருவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அருகிலேயே நின்றார்கள். அக்கா அவர்களைப் போகச் சொல்லவில்லை.

“உனக்குத் தெரியுமேக்கா.”

“எனக்குத் தெரியும். நீ சொல்லிக் கேட்டதில்ல. முழுசா சொல்லு.”

இருநூற்றுப் பன்னிரண்டு வாசகம் எழுதியவருக்கு அந்த ஒன்றை வாய்விட்டுச் சொல்ல மூச்சு மூன்றுமுறை தேவைப்பட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கயிறு சுருட்டியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“நான்தான்க்கா அங்க சொன்னேன். நான்தான் எழுதினேன். மன்னிப்பும் நான்தான், மஞ்சக் கவரும் நான்தான். அன்னைக்கு நீயும் சிரிச்சியேன்னு…”

“கையில தட்டு இருந்துச்சுடா. அஞ்சு டம்ளர், சுடச்சுட. சிரிச்சாதான் தட்டு ஆடாம நிக்கும்.”

அக்கா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தேழு ஆண்டு செய்த அதே வழக்கப்படி, நகலின் மூலையில் “பதில் பெறப்பட்டது” என்று எழுதி, நாளிட்டு, சுருக்கொப்பம் இட்டார்.

“பதினாலு நாள்னு போட்டிருந்தீங்க” என்றார்.

மன்னித்ததாகச் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. வண்டியில் ஓட்டுநர் பக்கத்தில் ஏறி அமர்ந்து, “வீட்டுச் சாவியைக் குடுத்துட்டு, பொழுதோட சாப்பிடப் போ” என்றார். வண்டி நகர்ந்தது.

அத்தாள் இப்போது சின்னவரிடம் இருக்கிறது. அதில் இரண்டு நாள்கள் குறிக்கப்பட்டுள்ளன. இடைப்பட்ட காலம் பதினொரு ஆண்டு, நான்கு மாதம், ஆறு நாள்.