நொண்டித் தாளமும் ஒரு ரேந்தைக் கட்டையும்

இந்த மலாய் நாட்டில் நான் முதலில் இருந்த வீட்டில் மேஜை இழுப்பறை காலையில் திறக்காது. இரவெல்லாம் ஈரத்தைக் குடித்து மரம் உப்பிப்போயிருக்கும். வெயில் ஏறி அது தானாக இளகிக் கொடுத்தால்தான் உள்ளே இருக்கும் சீப்பை எடுக்கலாம். ஜொகூருக்கு வந்த புதிதில் பல நாள் தலை சீவாமலே அடுப்பு மூட்டியிருக்கிறேன். எங்கள் திருநெல்வேலிச் செம்மணல் தேரிக்காட்டில் ஒரு பொருள் கெட்டால் காய்ந்து, வெடித்துக் கெடும். கதவு வெடிக்கும், பானை வெடிக்கும், உதடும் குதிகாலும் வெடிக்கும். இங்கே எதுவும் வெடிப்பதில்லை, எல்லாம் வளைகிறது. வேதப் புத்தகத்தின் அட்டை வளைந்தது, செருப்பு வளைந்தது, என் கணவர் விட்டுப்போன கிராமபோன் தட்டுகள் அப்பளம் போல நெளிந்தன. சாராளும் அங்கே போய் வளைந்துவிட்டாள் என்று என்னைப் பற்றி ஊரில் பேசிக்கொள்வதாகக் கேள்வி. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். பிறர் வாயால் நீங்கள் கேட்க வேண்டாம்.

பெக்கோக்கிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் என் கணவர் டிரெஸ்ஸராக இருந்தார். டாக்டர் எப்போதாவது வந்து போவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் இவர்தான் டாக்டர். கல்யாணமாகி நான் கப்பலேறியபோது என்னோடு வந்தவை ஒரு தகரப் பெட்டியும், ரேந்தை பின்னும் தலையணையும், அதற்குரிய மரக்கட்டைகளும். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். துணி ஓரத்தில் வைக்கிற லேஸைத்தான் ரேந்தை என்கிறோம், எங்கள் பக்கத்தில் அதை ஊசியால் பின்னுவதில்லை. தலையணைமேல் குண்டூசிகளைக் குத்தி, விரல் நீளக் கட்டைகளில் நூலைச் சுற்றி, அவற்றை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டுப் பின்ன வேண்டும். கட்டைக்கு ஜோடி இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும். மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு ரேந்தை கற்றுக்கொடுத்த அம்மா என் கையைத் தூக்கி மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டுவாள். இவ்வளவு சின்னக் கையைக் கர்த்தர் இந்த வேலைக்கென்றே செய்திருக்கிறார் என்பாள். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. கையைப் பார்த்த மாத்திரத்தில் ஆயுசு முழுவதற்கும் வேலையைத் தீர்மானித்துவிடலாமா என்று கேட்க அந்த வயதில் தெரியவில்லை.

தோட்டத்துச் சின்ன துரை சில காலம் அமெரிக்காவில் இருந்தவர். அவருக்குக் கடுங்காய்ச்சல் வந்தபோது என் கணவர் பக்கத்திலேயே கிடந்து பார்த்தார். ரப்பர் விலை விழுந்து துரைக்கே வேலை போனதும், அந்த நன்றிக்காக ஒரு கிராமபோனையும், சில தட்டுகளையும், தன் கித்தாரையும் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். அந்தத் தட்டுகளில் ஒன்று மட்டும் தனி ரகம். அமெரிக்காவில் பருத்திக் காட்டில் பாடுபடும் கறுப்பு ஜனங்களின் பாட்டாம், ப்ளூஸ் என்று பெயராம். ஒரு ஆண் குரல், ஒரு கித்தார், வேறொன்றும் இல்லை. வார்த்தை எனக்கு விளங்கவில்லை. ஆனால் அது அழுகிற குரல் அல்ல. பட்டதையெல்லாம் சொல்லிவிட்டு, இப்போது என்ன செய்துவிடுவாய் என்று கேட்கிற குரல். அடுத்த மழைக்காலத்தில், ஊருக்கெல்லாம் பார்த்த காய்ச்சலைத் தானும் வாங்கிக்கொண்டு என் கணவர் இறந்துபோனார். அழுது ஓய்ந்த பிறகு என்னால் காது கொடுத்துக் கேட்க முடிந்த பாட்டு அது ஒன்றுதான்.

டிரெஸ்ஸர் வீடு அடுத்த டிரெஸ்ஸருக்குச் சேரும், அவர் வரும்வரைதான் நான் அங்கே இருக்கலாம். எங்களோடு இருந்த என் கொழுந்தன் சாமுவேல் அதே தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. கெட்டவன் அல்ல, பயந்தவன். தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். வேலை போனவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்த கப்பலுக்கு என் பெயரையும் கொடுத்துவிட்டு வந்துதான் சாமுவேல் என்னிடம் சொன்னான்.

"மதினி, ஊருக்குப் போயிருங்க. இங்க தனியா இருந்து என்ன செய்யப் போறீங்க? அங்கன்னா அம்மா இருக்காங்க, ரேந்தை இருக்கு."

அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? வெள்ளைச் சேலை இருக்கிறது, பின்கட்டு இருக்கிறது. தலையணைமேல் குனிந்தே நான் கிழவியாவேன். கல்யாண வீட்டில் என்னைக் கடைசியில் உட்காரவைப்பார்கள், ஆனால் மணப்பெண் முக்காட்டில் நான் பின்னிய ரேந்தை இருக்கும். கர்த்தர் அதற்கென்றே செய்த கை அல்லவா. அந்த வாழ்க்கைக்குத் திரும்புவதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். இங்கே எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்பதுதான் தெரியவில்லை.

அந்த நேரத்தில் பெக்கோக் ரயில் நிலையத்தருகே ஒரு மலாய் நாடகக் கோஷ்டி கூடாரம் அடித்தது. லாரியில் ஊர் ஊராகப் போகிற கோஷ்டி. நடத்தியவள் மாக் தீமா என்னும் மலாய்க்காரி. கனத்த உடம்பு, வெற்றிலை வாய், உட்கார்ந்த இடத்திலிருந்தே அத்தனை பேரையும் ஆட்டிவைப்பாள். ராணி வேஷக்காரியின் கழுத்து ரேந்தை கிழிந்துபோய், விசாரித்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். நான் கூடாரத்தில் உட்கார்ந்து அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, அவர்களுடைய பிலிப்பினோ வாத்தியக்காரன் பெட்ரோ கித்தாரை எடுத்தான். காட்சிகளுக்கு நடுவில் வெளிநாட்டு ஆட்டப்பாட்டுகள் வாசிப்பார்களாம். அவன் விரலடியில் என் தட்டின் சத்தம் அப்படியே வந்தது. ஊசியை வைத்துவிட்டு எழுந்து போய், எனக்கும் இதைக் காட்டு என்று அரைகுறை மலாயில் கேட்டேன்.

அவன் என் கையைப் பிடித்துத் தன் உள்ளங்கையோடு சேர்த்து வைத்தான். புருஷனை இழந்தவளின் கையை அந்நிய ஆண் பிடிக்கிறானா என்று, மறு கையால் அவன் மணிக்கட்டில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவன் ஒரு எட்டுப் பின்வாங்கினான். மாக் தீமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவன் அளவு பார்த்தானாம். என் விரல் நுனி அவனுடைய கடைசிக் கணுவரைதான் எட்டியது. இது குழந்தைக் கை, நீ சின்னக் கித்தார் உக்குலேலே வாசி என்றான். அடித்ததற்கு வெட்கமாக இருந்தது. உக்குலேலே என்றதற்கு இன்னொன்று வைத்திருக்கலாம் என்றும் தோன்றியது.

மாக் தீமா சிரிப்பு அடங்கியதும் விஷயத்துக்கு வந்தாள். இரண்டாவது கித்தார்க்காரன் சிங்கப்பூர் நடனசாலைக்கு ஓடிவிட்டான், அந்த இடம் காலி. தையல்காரிக்கு லாரியில் இடமில்லை, மேடை ஏறுகிறவர்களுக்குத்தான் இடமும் சோறும். மெர்சிங் போய்த் திரும்பும்போது இங்கே மறுபடி கூடாரம் அடிப்போம், அப்போது வாசித்துக் காட்டு என்றாள். என் கப்பலுக்கு முன்னால் திரும்பிவிடுவார்கள். எனக்கு அது போதும். பெட்ரோ மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே விரல் வைக்கும் பிடிகளை ஒரு தரம் காட்டிக்கொடுத்தான்.

சாமுவேல் ஆபீசுக்குப் போனதும் தட்டைப் போட்டுவிட்டு கித்தாரோடு உட்காருவேன். இரண்டு தந்திகளைச் சேர்த்து அடித்துக்கொண்டே போக வேண்டும். சுண்டுவிரல் எட்டிப் போய், தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் தட்டில் ஒரு கோளாறு இருந்தது. அடிகள் சமமாக விழவில்லை. ஒன்று இழுத்து நீளும், அடுத்தது பதறிக்கொண்டு குறுகும். டங்...க, டங்...க என்று நொண்டிக்கொண்டே போகும். ஊசியோ நெளிந்த தட்டின்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தட்டு வளைந்ததால்தான் தாளம் நொண்டுகிறது என்று முடிவுகட்டினேன். பெட்ரோவும் அப்படித்தானே வாசித்தான் என்று ஒரு கணம் யோசித்தேன். இந்த நாட்டில் வளையாத தட்டு ஏது, அவனும் வளைந்த தட்டில் கற்றவன்தான் என்று விட்டுவிட்டேன். கோணல் தையலைப் பிரித்து நேராக்கிப் பழகிய மிஷன் பள்ளிக்கூடத்துக் கை எனக்கு. ஒவ்வொரு அடியையும் அளந்தாற்போல் சமமாக்கினேன். வரிசை வீட்டு லயத்துப் பெண்கள் தண்ணீருக்குப் போகும்போது என் வாசலில் நின்று, டிரெஸ்ஸர் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று என் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள். நான் இன்னும் கொஞ்சம் பலமாக அடித்தேன்.

கோஷ்டி திரும்பி வந்தது. விறைப்பாக உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். பெட்ரோ பாதியில் கையமர்த்தி, நடை எங்கே போயிற்று என்றான். தட்டு வளைந்திருந்தது, நான் சரிசெய்துவிட்டேன் என்றேன். கூடாரமே சிரித்தது. அந்த நொண்டல்தான் பாட்டாம். அதற்கு ஷஃபிள் என்று பெயராம், காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற நடையாம். முகமெல்லாம் எனக்கு எரிந்தது. மாக் தீமா மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்ததை எறிந்துவிட்டு வந்திருக்கிறாய், போய் எடுத்துக்கொண்டு வா, ஞாயிற்றுக்கிழமை லாரி கிளம்பும் என்றாள். கப்பலுக்குப் போகும் என் ரயில் திங்கட்கிழமை. முடியுமா என்பதற்கும் முடியும் என்பதற்கும் மலாயில் சொல் ஒன்றுதான். அவள் கேட்டாள். அதையே நான் திருப்பிச் சொன்னேன்.

"போலே."

நொண்டவிட்டபோதுதான் என் கையின் வண்டவாளம் வெளியே வந்தது. சமமாக அடித்தபோது சுண்டுவிரல் போய்த் திரும்ப அவகாசம் இருந்தது. நொண்டல் அந்த அவகாசத்தைத் தரவில்லை. சுட்டுவிரல் தடித்த தந்தியை அழுத்தி நிற்க, சுண்டுவிரல் கழுத்தின் குறுக்கே பதித்த மெட்டுக் கம்பிகளில் நாலைத் தாண்டி எட்டுவதற்குள் தாளம் என்னை விட்டுவிட்டுப் போய்விடும். உள்ளங்கை கிழிந்துவிடும் போல வலித்தது. சனிக்கிழமை மத்தியானம் கித்தாரைச் சுவரில் சாத்திவிட்டு, ரேந்தைத் தலையணையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். போ, உனக்கு விதித்தது இதுதான் என்று என் கையைப் பார்த்து நானே சொன்னேன். சொன்ன வேகத்தில் எனக்கே கோபம் வந்தது.

தலை நிமிர்ந்தால் எதிரே கித்தாரின் கழுத்து. மெட்டுக் கம்பிகள் தலைப்பக்கம் அகன்று நின்றன. உடம்புப் பக்கம் வர வர நெருங்கிக்கொண்டே வந்தன. பெரிய கைக்காரன் அகலத்தில் வாசிக்கட்டுமே, எனக்கு வேண்டிய இடம் அந்தக் கழுத்திலேயே இருக்கிறதே. ஒரு ஜோடியிலிருந்து ஒரு கட்டையை உருவினேன். ஒரு பக்கத்தைச் சீவித் தட்டையாக்கினேன். கழுத்தின் நடுவே தந்திகளுக்குக் குறுக்காக வைத்து, ரப்பர் ஷீட்டில் வெட்டிய நாடாவால் பின்பக்கமாக இழுத்துக் கட்டினேன். சுட்டுவிரல் அழுத்த வேண்டியதைக் கட்டை அழுத்திக்கொண்டது. சுண்டுவிரல் போயிற்று, வந்தது. மறுபடியும் போயிற்று, வந்தது. டங்...க, டங்...க என்று வீடு நொண்ட ஆரம்பித்தது. என் கணவர் இறந்த பிறகு அன்றுதான் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

மறுநாள் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. கூடாரத்துக்குப் போனேன். பெட்ரோ கட்டையைக் கண்டதும் முகத்தைச் சுளித்தான். இதெல்லாம் கை எட்டாதவர்கள் செய்யும் வேலை, வாத்தியக்காரர்கள் செய்ய மாட்டார்கள் என்றான். எனக்கு இருந்த மலாயையெல்லாம் திரட்டிக்கொண்டு பதில் சொன்னேன்.

"ஆமா, என் கை எட்டாது. அதனாலதான் கட்டியிருக்கேன். தாளத்தை மட்டும் சொல்லு. நொண்டுதா, இல்லையா?"

வாசித்தேன். முதலில் மத்தளக்காரனின் கால் அசைந்தது. பெட்ரோ முணுமுணுத்துக்கொண்டே வயலினை எடுத்து, கட்டையால் ஏறியிருந்த என் சுருதிக்குச் சேர்த்துக்கொண்டு கூடவே வந்தான். பாட்டு முடிந்ததும் மாக் தீமா என்னைப் பாராட்டவில்லை. லாரியில் திரைச்சீலைப் பெட்டியை இன்னும் உள்ளே தள்ளுங்கள், ஒருத்தி உட்கார வேண்டும் என்று ஆட்களைச் சத்தம் போட்டாள்.

வீடு பூட்டியிருந்ததைக் கண்டு சாமுவேல் அங்கேயே வந்துவிட்டான். எல்லாருக்கும் முன்னால் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஊர்ல என்ன சொல்லுவாங்க மதினி? டிரெஸ்ஸர் பொண்டாட்டி கூத்தாடியாப் போயிட்டாள்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும் தம்பி. யாராவது கேட்டா, நல்லா வாசிக்கிறான்னும் சேத்துச் சொல்லுங்க."

பாவம், கொஞ்ச நாளில் அவனுக்கும் வேலை போயிற்று. கப்பலுக்கு முன்னால் என்னைத் தேடி நாங்கள் கூடாரம் அடித்திருந்த குளுவாங்குக்கு வந்தான். என் ரேந்தைத் தலையணையையும் கட்டைகளையும் தகரப் பெட்டியில் போட்டுத் தங்கை எஸ்தருக்கென்று அவனிடம் கொடுத்தனுப்பினேன். எனக்கு வைத்திருந்த பயணம் அந்தப் பெட்டிக்கு ஆயிற்று.

இதை மெர்சிங்கில் இருந்து எழுதுகிறேன். கூடாரத்துக்குப் பின்னால் கருவாடு காய்கிறது. இங்கே என்னை வெள்ளை உடுத்தச் சொல்ல ஆளில்லை. நீ எங்களில் ஒருத்தி என்று சொல்லவும் ஆளில்லை. மலாய்க்காரர்களுக்கு நான் கித்தார் வாசிக்கும் தமிழச்சி. தோட்டத்துப் பக்கம் கூடாரம் அடித்தால் நம் ஜனங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து வாய் பிளந்து பார்க்கிறார்கள். மறுநாள் குழாயடியில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். வலிக்காமல் இல்லை. வலிக்கிறது என்பதற்காகப் பின்கட்டுக்குப் போய்விட முடியுமா? ராத்திரி ஏழு மணிக்கு விளக்கேற்றினால் நான் மேடையில் இருப்பேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

போன வாரம் எஸ்தர் எழுதியிருந்தாள். கட்டைகளில் ஒன்று குறைகிறதாம், அதன் ஜோடி சும்மா கிடக்கிறதாம், உன்னிடம் இருந்தால் அனுப்பிவை என்று கேட்டிருக்கிறாள். என்னிடம்தான் இருக்கிறது. வியர்வை பட்டு ரப்பர் பிசுபிசுத்துப் போகும், போகிற ஊரில் புது நாடா வெட்டிக்கொள்வேன். கட்டை அதேதான். இந்த ஈரத்தில் அது இன்னும் வளையவில்லை. எஸ்தருக்குப் பதில் போட்டுவிட்டேன். அதை அனுப்ப முடியாது, அது வேலையில் இருக்கிறது. அங்கே இருக்கிற ஒற்றையையும் எறிந்துவிடாதே, அதற்கும் ஒரு வேலை வரும், நூலைச் சுற்றியே வைத்திரு.