நோன்பில் எடுத்த பிஸ்டல்

எழுபதுகளின் கடைசியில், கல்முனையில் எங்கள் அலுவலக விளையாட்டுக் கழகத்துக்குக் கொழும்பிலிருந்து இரண்டு காற்றுப் பிஸ்டல்கள் வந்தன. இலக்குச் சுடும் போட்டிக்கானவை. மிளகளவு ஈயக் குண்டு. கடதாசியில் ஓட்டை போடும், அவ்வளவுதான். ஊரில் துவக்கு என்றால் வயலில் பன்றி விரட்டுவது. நாங்கள் பழைய நெல் களஞ்சியத்தில் நின்று கடதாசியைச் சுடுவதைப் பார்த்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

ஒழுங்காகச் சுடக்கூடியவர்கள் இரண்டே பேர். நான் ஒருவன், மற்றவர் காரைதீவிலிருந்து சைக்கிளில் வரும் எழுதுவினைஞர், என் நண்பர். கொழும்புப் போட்டிக்குப் போக ஒருவருக்குத்தான் இடம். அது எனக்கு வேண்டும். அவருக்கும் வேண்டும் என்று தெரிந்தேதான் ஆசைப்பட்டேன்.

ஆளுக்கொரு பிஸ்டலைத் தெரிவு செய்யச் சொன்னார் கழகச் செயலாளர். தெரிவு செய்ததும் தச்சர் அதன் மரப்பிடியை அவரவர் கைக்கேற்பச் சீவுவார். சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது, ஆகவே பிறகு மாற்றமில்லை என்றார். சேவையில் மூத்தவன் என்பதால் முதல் தெரிவு எனக்கு.

ஒன்று நீளக் குழலோடு கனமானது. மற்றது இலேசானது. அது நோன்பு மாதம். பின்னேரம் அஸர் தொழுகை முடித்துவிட்டு வந்து கனமானதை நீட்டிப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் தோள் தொய்ந்தது. இலேசானது வெறுங்கையோடு நிற்பதுபோல இருந்தது. குழல் நுனியில் குறி பார்க்கும் அதன் முன்குறி அசையவே இல்லை.

"மச்சான், நோன்போட எடுக்காத. பெருநாள் கழிய வந்து பாரு" என்றார் நண்பர்.

"இப்பதான் கை நல்லா நிக்கிது."

"அதத்தான் நானும் சொல்றன்."

ஆள் இலேசானதில் கண் வைத்துக்கொண்டு கதைக்கிறார் என்று நினைத்தேன். அன்றே தச்சரிடம் கொடுத்துவிட்டேன்.

பெருநாள் காலையில் தேத்தண்ணியும் சிகரெட்டும் திரும்பி வந்தன. கூடவே கை நடுக்கமும் வந்தது. கனமான பிஸ்டல் சிறு நடுக்கத்தைத் தன் பாரத்தால் அமுக்கிவிடும். இலேசானது ஒன்று விடாமல் காட்டிக் கொடுக்கும். என் ஓட்டைகள் கடதாசியெங்கும் சிதறின. நண்பருடையவை நடுவிலே கூடி நின்றன. அவர் எதையும் சொல்லிக் காட்டவில்லை. எனக்கு அதுதான் கூடுதல் எரிச்சல்.

தேத்தண்ணியையும் சிகரெட்டையும் விட்டுப் பார்த்தேன். அலுவலகத்துக்கு எதிரே இருந்த கடையை ஒரு முற்பகல்கூடத் தாண்ட முடியவில்லை. ஒரு மாதம் முழுக்கப் பகலில் தொடாமல் இருந்த அதே ஆள்தான் நான். நோன்பு என்று பெயர் இல்லாவிட்டால் எனக்கு மனக்கட்டுப்பாடு என்று ஒன்று கிடையாது போலும்.

பெருநாளுக்குப் பிந்திய அந்த மாதத்தில் விரும்பியவர்கள் ஆறு நோன்பு பிடிப்பார்கள். நானும் பிடிப்பவன்தான். முதல் நோன்பு அன்று பயிற்சிக்குப் போனேன். முன்குறி மறுபடி அசையாமல் நின்றது. இரண்டாவது நோன்பைக் கொழும்புக்கு ஆள் எடுக்கும் தேர்வுப் போட்டி நாளுக்கென்று ஒதுக்கி வைத்தேன்.

அன்று காலை மனைவி தேத்தண்ணியோடு வந்தாள்.

"நான் இண்டைக்கு நோன்பு" என்றேன்.

"ஆறு நோன்பா?"

"ஓம்."

மேசையில் இருந்த பிஸ்டல் பெட்டியைப் பார்த்தாள். "இது அல்லாஹ்வுக்குப் புடிச்ச நோன்பா, இந்தத் துவக்குக்குப் புடிச்சதா?"

சேர்ட்டைப் போட்டுக்கொண்டு பெட்டியோடு புறப்பட்டேன்.

அன்று என் கை அசையவில்லை. நண்பரைவிடக் கொஞ்சம்தான் கூடப் புள்ளி எடுத்தேன், ஆனால் அது போதுமாக இருந்தது. அவர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நான் சொன்னது பிழை, மச்சான். உன்ட தெரிவுதான் சரி" என்றார். மனதாரச் சொன்னார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. "ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

கொழும்புக்குப் போனேன். நடுத்தரமாகச் சுட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். மிச்ச நாலு நோன்பையும் மாதம் முடியுமுன் பிடித்துவிட்டேன். அடுத்த நாள் காலையும் மனைவி கொண்டுவந்த தேத்தண்ணியை நான் தொடவில்லை.

"இண்டைக்கும் நோன்பா? நேத்தோட ஆறும் முடிஞ்சிட்டே" என்றாள்.

"இல்ல, அல்லாஹ்வுக்கு அஞ்சுதான் முடிஞ்சிருக்கு" என்றேன்.