எதிர் வீட்டு விரதத்துக்கு நான் வைத்த சாம்பார்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு புரட்டாசி மாதத்தில் நடந்தது இது. மலேசியாவின் ஜார்ஜ் டவுனில், ஜெலுத்தோங் பக்கம் ஓர் அடுக்குமாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். சீனர்களின் ஒன்பது நாள் சைவ விரதமும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் வரும். தெருவோரச் சைவக் கடைகளில் மஞ்சள் கொடி கட்டிவிடுவார்கள். கடலிலிருந்து அழைத்து வந்த சாமியை ஒன்பதாம் நாள் இரவு மறுபடி கடலுக்கே வழியனுப்புவார்கள்.

எதிர் வீட்டில் ஒரு சீனத் தம்பதி. இருவருக்கும் அறுபதுக்கு மேல், பிள்ளைகள் சிங்கப்பூரில். அங்கிள், ஆண்டி என்றுதான் கூப்பிடுவோம். அந்த வருடம் விரதத்தின் ஐந்தாம் நாள் ஆண்டிக்கு வயிற்றில் ஆபரேஷன். எடுத்த கட்டி எப்படிப்பட்டது என்ற முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை விரதம் பக்கமே போகாத அங்கிள், ஆண்டிக்காக ஒன்பது நாளும் இருப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் லிஃப்டில் பார்த்தேன். கையில் ரொட்டிப் பாக்கெட்டும் வாழைப்பழமும். நான்கு நாளாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைவதில் அதைத்தான் சாப்பிடுகிறாராம். "நாளைக்குக் கடைசி நாள், நான் சமைச்சுத் தரேன் அங்கிள்" என்றேன். எங்கள் வீட்டில் சமையல் என் பொறுப்பு.

"வெங்காயம், பூண்டு ஆகாது. தெரியும்லே?" என்று மலாயில் கேட்டார்.

"சைவத்தை எங்களுக்கா சொல்லித் தரணும்?" என்றேன் சிரித்துக்கொண்டே. சைவக் கோழி, சைவ வாத்து என்று மாவில் செய்து சாப்பிடுகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் இளக்காரம் உண்டு. அதை மறைப்பானேன்?

மறுநாள் காலையில் பரங்கிக்காய் சாம்பார், பீன்ஸ் பொரியல், தேங்காய்ப்பால் விட்ட உருளைக்கிழங்குக் கறி, ரசம் என்று நான்கு வகை செய்தேன். வெங்காயம் இல்லாததால் சாம்பார் சப்பென்று இருக்குமே என்று பெருங்காயத்தை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு போட்டேன். வீடே மணத்தது. ஒரு மணிக்கு டிபன் கேரியரை அங்கிளிடம் கொடுத்துவிட்டு, பாயான் லெப்பாஸில் இருக்கும் என் பேக்டரிக்குப் பிற்பகல் ஷிப்ட் போய்விட்டேன்.

மாலை கேன்டீனில் என்னுடன் வேலை செய்யும் ஒரு சீனப் பெண்மணி எதிரில் உட்கார்ந்தார். அவரும் விரதம். "இன்னிக்கு என் சமையல், வெங்காயமே இல்லை" என்று டப்பாவை நகர்த்தினேன். ஒரு கரண்டி எடுத்தவர் வாய்க்கருகே கொண்டுபோய் நிறுத்தினார்.

"பூண்டு வாசனை வருதே."

பூண்டு இல்லை, பெருங்காயம் என்று சொல்லி, போனில் அதன் சீனப் பெயரைத் தேடிக் காட்டினேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"வெங்காயம், பூண்டு மாதிரி விரதத்துக்கு ஆகாதது அஞ்சு. அஞ்சாவது இதுன்னு எங்க கோயில்லே சொல்வாங்க. எங்க சமையல்லே இது கிடையாது, அதனாலே யாரும் எடுத்துச் சொல்றதில்லை."

நான் டப்பாவை மூடிவிட்டேன். அங்கிளுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. மனைவிக்குப் போட்டேன்.

"தெரியாமத்தானே செஞ்சீங்க? சொல்லாம விட்டுருங்க. இருக்கிற கவலையிலே அந்த மனுசனுக்கு இது வேற எதுக்குலா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. ஆனால் அவர் இன்னும் சாப்பிடாமல் இருக்கலாமே என்று ஒரு நப்பாசை. வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் அங்கிள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டிபன் கேரியர், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கட்டைவிரலை உயர்த்தினார். "நாலு நாளைக்கு அப்புறம் இன்னிக்குத்தான் சாப்பாடுன்னு சாப்பிட்டேன்."

அப்படியே திரும்பி வந்திருக்கலாம். அவருக்குத் தெரியப்போவதே இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். நான்தான் எல்லாம் தெரிந்த மாதிரி பேசினேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அங்கிள் வார்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அது என்ன, மீன் வகையா, இறைச்சியா?" என்று கேட்டார்.

"இல்லை அங்கிள். ஒரு செடியோட பிசின். ஆனா உங்களுக்கு ஆகாது."

திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"சாமி இன்னிக்குக் கடலுக்குத் திரும்பிடுவாரு. பரவாயில்லை, நான் இன்னும் ஒரு நாள் சேர்த்து இருக்கேன்" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "நாளைக்கும் நீ சமைப்பியா?" என்றார்.

சமைக்கிறேன் என்று தலையை ஆட்டினேன்.

மறுநாள் சமைக்க உட்கார்ந்தபோதுதான், கடையில் வாங்கிய சாம்பார்ப் பொடியிலும் பெருங்காயம் இருப்பது தெரிந்தது. மல்லி, மிளகாய், பருப்பு வாங்கி நானே வறுத்து அரைத்தேன். கடுகு ஆகுமா, சீரகம் ஆகுமா என்று அந்தப் பெண்மணிக்கு எட்டு தடவை போன் போட்டுக் கேட்டேன். அவர் ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

அங்கிள் எங்கள் வீட்டு மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். என்ன போட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நேத்து நல்லா இருந்துச்சு. இன்னிக்குச் சுமார்தான்லா" என்றார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த வாரம் ரிப்போர்ட் வந்தது. நல்ல செய்தி இல்லை, ஆறு மாதம் சிகிச்சை எடுக்க வேண்டும் என்றார்கள். கேட்டதும் எனக்கு அந்தச் சாம்பார்தான் ஞாபகத்துக்கு வந்தது. லிஃப்டில் அவரைப் பார்க்க நேருமே என்று சில நாள் படியில் இறங்கிப் போனேன். அவரே ஒருநாள் கதவைத் தட்டி, "ஆண்டிக்கு வாய் கசக்குதாம், உன் ரசம் வேணுமாம்" என்று பாத்திரத்தை நீட்டினார். சிகிச்சை முடிந்தது. ஆண்டி இப்போது காலையில் ஐந்து மாடியும் படியேறி வருகிறார்.

அன்று வார்டு வாசலில் அங்கிள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். 'நாளைக்கும் நீ சமைப்பியா' என்று கேட்டாரே, அதனால்தான் இன்றும் அடுத்தவருக்கென்று அடுப்பைப் பற்றவைக்கும்போது 'எனக்குத் தெரியும்' என்ற நினைப்பைத் தள்ளி வைத்துவிட்டு, எது ஆகும், எது ஆகாது என்று முதலில் வாய் திறந்து கேட்டுக்கொள்கிறேன்.